99.9999 சதவிகிதம் முடியாது!

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவோரம் தயாராக நின்றேன். ஒற்றைப் பெட்டி டீசல் ரயில். 'கஷிமா சாக்கர் ஸ்டேடியம்' என்ற பெயர்ப் பலகை எதிரே வந்தது. பக்கத்தில் வந்தது. பின்னால் போனது. ரயில் நிற்கவே இல்லை!

அடுத்த ஸ்டேஷனில் டிரைவர் கை கால் பாஷையில் விளக்கினார். காற்றில் ஒரு பந்தை உதைத்துக் காட்டி "யெஸ்!" என்றார். பிறகு உதைக்காமல் விறைப்பாக நின்று "நோ!" என்றார். அதாவது, மேட்ச் நடக்கும் நாளில் மட்டும்தான் அது ஸ்டேஷன். மற்ற நாட்களில் சும்மா ஒரு பிளாட்பாரம். அன்று வெள்ளிக்கிழமை, மேட்ச் சனிக்கிழமை. விளக்கி முடித்துவிட்டு அவர் குனிந்து என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டார். தப்பு என்னுடையது, மன்னிப்பு அவருடையது. நல்ல ஊர் சார்!

இது 2024 இலையுதிர் காலத்தில் நடந்தது. டோக்கியோவின் கிழக்குப் பக்கம் நிஷி கசாய் என்று ஒரு பேட்டை. கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் தேசத்தார் நிறையப் பேர் குடியிருக்கும் இடம். அங்கேதான் அக்காவும் அத்தானும் இருக்கிறார்கள். பதினைந்து நாள் விசாவில் போயிருந்தேன்.

"மாப்ளே, எல்லாரும் ஃபுஜி மலை பார்க்கணும்பான், டிஸ்னிலேண்ட் போகணும்பான். நீ என்னடான்னா ரெண்டு மணி நேரம் பஸ்ல போய் இரும்பு ஃபாக்டரி ஊரைப் பார்க்கணும்ங்கிற. உடம்புக்கு ஏதும் இல்லையே?" என்றார் அத்தான்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. காரணம் சித்தப்பா.

சித்தப்பா கோல்கீப்பர். சென்னையில் ஒரு கம்பெனி டீமில் ஆடினார். காலையில் பிராக்டிஸ். பத்தரை மணிக்கு மேல் டெஸ்பாட்ச் செக்ஷனில் தபால் பதிவு. சாயங்காலம் லீக் மேட்ச் இருந்தால் மானேஜரிடம் பர்மிஷன். இப்படியே பதினொரு வருஷம். ஒரு நாள் 'செலவுக் குறைப்பு' என்று ஒரு சர்க்குலர் வந்தது. டீமைக் கலைத்துவிட்டார்கள். வேலை போகவில்லை, சம்பளம் குறையவில்லை. அதனால் வீட்டில் யாரும் வருத்தப்படவில்லை. சித்தப்பா மட்டும் கிளவுஸைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் போட்டார். அதற்குப் பிறகு அவர் மைதானத்துப் பக்கமே போகவில்லை.

நான் ஜப்பான் கிளம்புகிறேன் என்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அங்க ஒரு இரும்பு ஃபாக்டரி டீம் இருந்துச்சுடா. பிரேசில் ஜிகோ போய் ஆடினானே, அது. அந்த டீம் இப்ப என்ன ஆச்சுன்னு பாத்துட்டு வா."

*

1993-க்கு முன்னால் ஜப்பான் ஃபுட்பால் நம்ம ஊர் மாதிரிதான். கம்பெனிக்கு ஒரு டீம். ஆடுகிறவர் அந்தக் கம்பெனி ஊழியர். கேலரியில் கைதட்டுவதும் பெரும்பாலும் அதே ஆபீஸ்காரர்கள். இதை மாற்றி ஒரு முழுநேரத் தொழில்முறை லீக் ஆரம்பிப்பது என்று முடிவு செய்தார்கள். முக்கியமான நிபந்தனை, டீம் பெயரில் கம்பெனி பெயர் வரக்கூடாது. ஒவ்வொரு டீமுக்கும் ஒரு சொந்த ஊர் வேண்டும். அந்த ஊரின் பெயரில்தான் ஆட வேண்டும்.

பெரிய நகரத்து டீம்கள் வரிசையில் நின்றன. கடைசியில், கூச்சத்தோடு கை தூக்கியது கஷிமா. அப்போது சுமார் 45 ஆயிரம் பேர் இருந்த ஊர். முன்பு மணல் மேடும் வயலும் மீனவர் குடிசையுமாக இருந்த கடற்கரை. அறுபதுகளில் துறைமுகம் வெட்டி, சுமிட்டோமோ மெட்டல் என்ற இரும்பு ஆலையைக் கொண்டுவந்தார்கள். ஆலை வந்தது, ஆளும் வந்தார்கள். ஆனால் சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்தால் போக ஓர் இடம் கிடையாது. ஆலையின் ஃபுட்பால் டீமோ இரண்டாம் டிவிஷனில் கிடந்தது.

லீகின் தலைவர் கவாபுச்சி சபுரோ முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்: 99.9999 சதவிகிதம் முடியாது! ஃபுட்பாலுக்கென்றே, கூரை போட்ட, 15 ஆயிரம் பேர் உட்காரும் ஸ்டேடியம் கட்டினால் யோசிக்கலாம் என்றார். ஜப்பானில் அப்போது அப்படி ஒரு ஸ்டேடியமே கிடையாது. நம்மிடம் யாராவது இப்படிச் சொன்னால் மரியாதையாக டீ குடித்துவிட்டு எழுந்து வந்திருப்போம். கஷிமாக்காரர்கள் மீதி 0.0001 சதவிகிதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மாகாண அரசும் ஊரும் ஆலையும் சேர்ந்து ஸ்டேடியத்தைக் கட்டியே விட்டார்கள். பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை எந்த பாங்க் மானேஜரும் இரண்டாவது பக்கம் புரட்ட மாட்டார்.

இன்னொரு பைத்தியக்காரத்தனமும் செய்தார்கள். ஜிகோவைக் கூப்பிட்டார்கள். மூன்று உலகக் கோப்பைகளில் ஆடியவர். பிரேசில் அரசாங்கத்தில் விளையாட்டுத் துறைச் செயலாளராக இருந்துவிட்டு, 1991-ல் இரண்டாம் டிவிஷன் இரும்பு ஆலை டீமுக்கு ஆட வந்தார்! ஆட மட்டுமா? பூட்ஸ் எப்படிப் பராமரிப்பது, தோற்றால் ஏன் கோபம் வர வேண்டும் என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். அர்ப்பணிப்பு, நேர்மை, மரியாதை என்று மூன்றே வார்த்தை. இன்றும் அந்த கிளப்பின் வேதம் அதுதான்.

டீமுக்கு ஆன்ட்லர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆன்ட்லர் என்றால் மான் கொம்பு. கஷிமாவின் 'க'வுக்கு அவர்கள் எழுத்தில் மான் என்று அர்த்தம். ஊர்க் கோயிலிலும் மான்கள்தான்.

*

அந்த முதல் சீஸன் இருக்கிறதே, அது ஒரு திருவிழா! 1993 மே 15. டோக்கியோ தேசிய ஸ்டேடியம். வெர்டி கவாசாகியை 2-1 என்று யோகோஹாமா மரினோஸ் ஜெயித்தது. பார்க்க வந்தவர்கள் 59,626 பேர். மறுநாள் கஷிமாவின் முறை. எதிரணி நகோயா கிராம்பஸ் எய்ட். அதில் யார் தெரியுமா? 1986 உலகக் கோப்பையில் அதிக கோல் போட்ட இங்கிலாந்துக்காரர் காரி லினேக்கர். ஜிகோவுக்கு வயது 40. லினேக்கர் என்ன செய்வார் என்று பார்க்க வந்தவர்களுக்கு, ஜிகோ மூன்று கோல் போட்டுக் காட்டினார். அல்சிண்டோ இரண்டு. 5-0!

மொத்தம் பத்து டீம். ஒரு வருஷத்தை இரண்டு பாதியாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் 18 மேட்ச். இதில் டிரா என்ற பேச்சே கிடையாது. 90 நிமிஷத்தில் சமமானால் எக்ஸ்ட்ரா டைம், முதல் கோல் போட்டவன் வெற்றி. அதிலும் இல்லையா, பெனால்ட்டி. யாராவது ஒருவர் அழுதுகொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

முதல் பாதியின் சாம்பியன் யார்? 99.9999 சதவிகிதம் முடியாது என்று சொல்லப்பட்ட கஷிமா! இரண்டாம் பாதியில் வெர்டி. நட்சத்திரப் பட்டாளம், மியூரா கசுயோஷி ஆடிய டீம். (இந்த மியூரா 58 வயதிலும், 2025-ல்கூட, ஆடிக்கொண்டிருந்தார். நமக்கு 58-ல் ரிடையர்மென்ட் சால்வை!)

1994 ஜனவரியில் இரண்டு டீமும் இறுதியில் மோதின. இரண்டு மேட்சுமே டோக்கியோவில். முதலாவதில் வெர்டி 2-0. இரண்டாவதில் கஷிமா முன்னிலையில் இருக்க, வெர்டிக்கு ஒரு பெனால்ட்டி. மியூரா உதைக்கத் தயாராக நிற்கிறார். ஜிகோ நடந்து வந்து, வைத்திருந்த பந்தின் மேல் துப்பிவிட்டுப் போனார். சிவப்பு அட்டை. 1-1 என்று மேட்ச் முடிந்து கோப்பை வெர்டிக்குப் போனது. மரியாதை சொல்லிக்கொடுத்த மகான் சார்! மகானுக்கும் ஒரு நாள் மூக்கு சிவக்கும்.

*

வெள்ளிக்கிழமை மீதிப் பொழுதைக் கஷிமா ஜிங்கூ கோயிலில் கழித்தேன். வானம் தெரியாத மரக்கூட்டம். உள்ளே ஒரு கல் இருக்கிறது. வெளியே தெரிவது நம் வீட்டு அம்மிக்கல் அளவுகூட இல்லை. பூமிக்கடியில் ஒரு ராட்சசக் கெளுத்தி மீன் இருக்கிறதாம். அது வாலை ஆட்டினால் பூகம்பம். அதன் தலையை அமுக்கிக்கொண்டிருப்பது இந்தக் கல்தானாம். 2011 மார்ச்சில் கெளுத்தி கொஞ்சம் திமிறிவிட்டது போலும். பெரிய பூகம்பத்தில் ஸ்டேடியம் சேதமாகி, சொந்த மேட்சைக்கூட டோக்கியோவில் போய் ஆட வேண்டி வந்தது. பிறகு சரிசெய்து திரும்பி வந்தார்கள்.

சனிக்கிழமை அதே ரயில். இந்த முறை நின்றது! நிற்பதென்ன, பெட்டியே அந்த ஸ்டேஷனில் காலியானது. சிவப்புச் சட்டை, சிவப்புத் துண்டு, சிவப்புக் குழந்தை. வெளியே வெண்கல ஜிகோ நிற்கிறார். அவரோடு போட்டோ எடுக்க ஒரு வரிசை. 2002 உலகக் கோப்பைக்காக ஸ்டேடியத்தைச் சுமார் 40 ஆயிரம் இருக்கைக்கு விரித்துவிட்டார்கள். ஊர் ஜனத்தொகை இப்போது 65 ஆயிரத்துச் சொச்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உள்ளே நுழைந்ததும் ஒரு வாசனை இழுத்தது. பெரிய பெரிய அண்டாவில் ஏதோ கொதிக்கிறது. 'மொத்சுனி' என்றார்கள். கிண்ணத்தில் எட்டிப் பார்த்தேன். முள்ளங்கி, வெங்காயத்தாள், நடுவே... குடல்! பன்றிக் குடல். நம்ம ஊர் போட்டியேதான். போட்டி பார்க்கப் போய்ப் போட்டி சாப்பிட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மிளகாய்த்தூளைக் கொஞ்சம் தாராளமாகத் தூவினால் மதுரையில் கடை போடலாம்.

பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். எழுபது வயதிருக்கும். அவருடைய ஓட்டை இங்கிலீஷும் என் ஓட்டை இங்கிலீஷும் ஒன்றையொன்று நன்றாகப் புரிந்துகொண்டன. ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். என் நோட்டை வாங்கி '1993, 5-0' என்று எழுதினார். தன் மார்பைத் தொட்டுக் காட்டி, "ஹியர்!" என்றார். அன்று அவர் இங்கே இருந்திருக்கிறார்.

நான் சித்தப்பாவின் கேள்வியைக் கேட்டேன். கம்பெனி என்ன ஆச்சு?

அவர் புகைபோக்கிகள் இருக்கும் திசையைக் காட்டினார். சுமிட்டோமோ மெட்டல் 2012-ல் நிப்பான் ஸ்டீலோடு இணைந்தது. 2019-ல் கிளப்பின் 61.6 சதவிகிதப் பங்கைச் சுமார் 160 கோடி யென்னுக்கு மெர்காரி என்ற கம்பெனி வாங்கியது. செல்போனில் பழைய சாமான் விற்க வாங்க ஆப் நடத்துகிறவர்கள். ஆலையின் இரண்டு ஊது உலைகளில் ஒன்றை மூடப்போவதாக 2021-லேயே அறிவித்தாயிற்று. இதையெல்லாம் பெரியவர் ஏழெட்டு வார்த்தையிலும் பத்து விரலிலும் சொல்லி முடித்தார். அத்தான் வருஷத்தையும் தொகையையும் பிறகு சரிபார்த்துக் கொடுத்தார்.

"டீம்?" என்றேன்.

பெரியவர் சிரித்தார். விரலைக் கீழே நீட்டி, ஸ்டேடியத்தின் தரையைக் காட்டினார். அவ்வளவுதான் பதில்.

எல்லா ஊரிலும் இப்படி நடந்துவிடவில்லை. முதல் பத்து டீமில் ஒன்றான யோகோஹாமா ஃப்ளூகல்ஸ், ஸ்பான்சர் கம்பெனிக்குப் பணமுடை என்று 1998-ல் மரினோஸோடு இணைக்கப்பட்டது. அறிவிப்பு வந்த பிறகு அந்தப் பையன்கள் ஒரு மேட்சில்கூடத் தோற்கவில்லை. 1999 ஜனவரி 1 அன்று சக்கரவர்த்தி கோப்பையை ஜெயித்தார்கள். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே கலைந்தார்கள். ரசிகர்கள் விடவில்லை. காசு சேர்த்து யோகோஹாமா எஃப்.சி. என்று புதிதாக ஒரு கிளப்பையே ஆரம்பித்தார்கள். அது 2007-ல் முதல் டிவிஷனில் ஆடியது.

மேட்ச் முடிந்ததும் ஜனங்கள் பையை எடுத்துக் குப்பையைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். நானும் என் போட்டிக் கிண்ணத்தைத் தேடி எடுத்தேன்.

*

ஊருக்கு வந்ததும் சிவப்புத் துண்டைச் சித்தப்பாவிடம் கொடுத்து, எல்லாம் சொன்னேன். ஃப்ளூகல்ஸ் கதையில் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க டீமுக்கு கம்பெனி இருந்துச்சு, ஊர் இல்லடா" என்றார்.

2025 டிசம்பர் 6, சனிக்கிழமை. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு கஷிமாவுக்கு மறுபடி ஒரு வாய்ப்பு. கடைசி மேட்ச், சொந்த ஊரில். எதிரணி அதே மரினோஸ். என் செல்போனைச் சித்தப்பா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் டம்ளரில் சாய்த்து வைத்தேன். அவர் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தோளில் சிவப்புத் துண்டு.

கஷிமா 2-1. ஒரே ஒரு பாயிண்ட் வித்தியாசத்தில் சாம்பியன். ஒன்பதாவது முறை.

கடைசி விசில் ஊதும்வரை சித்தப்பா பேசவே இல்லை. எதிரணி கோலடிக்கப் பந்தைத் தூக்கிப் போட்டபோதெல்லாம் மேஜைக்கடியில் அவர் கை மட்டும் விரிந்து விரிந்து மூடியது. பிறகு மெதுவாகக் கேட்டார்:

"இன்னிக்கு அந்த ரயில் நிக்குமாடா?"

"மேட்ச் நாள் சித்தப்பா. நிக்கும்."