குறைவது ஒரு பெட்டி, ஒழுகுவது இன்னொரு பெட்டி

தாண்டிக்குடிக்கு மேலே நாலு ஏக்கரில் காப்பி, மிளகு, ஊடே மலைவாழை என்று வைத்திருக்கும் விவசாயி அவர். தோட்டத்துக்குத் தார் ரோடு கிடையாது. கடைசி இரண்டு கிலோமீட்டர் கல்லும் சேறுமான ஏற்றம். வாழைத்தார் இறக்கவும் உரமூட்டை ஏற்றவும், காய்ச்சலில் படுத்தவரை வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோகவும் அந்தப் பாதையில் ஓடுவது ஃபோர் வீல் ஜீப் மட்டும்தான். அவரிடம் இருப்பது வில்லிஸ் வடிவத்தில் வந்த பழைய டீசல் ஜீப். இரண்டு கை மாறி வந்தது.

வண்டி நிற்கும் இடத்தில் எப்போதும் உள்ளங்கை அளவு எண்ணெய்க் கறை இருக்கும். பழைய ஜீப் என்றால் ஒழுகத்தான் செய்யும் என்று அவரும் விட்டுவிட்டார். கியர் பாக்ஸில் எண்ணெய் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருந்தார். பக்கத்து ஊர் பட்டறையில் பின்பக்க ஆயில் சீலை இரண்டு முறை மாற்றியும் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை. இருபது தார் ஏற்றிய ஜீப்பைச் சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்துவிட்டு, வேலிப் படலைத் திறக்க இறங்கினார். முன் சீட்டில் பள்ளிக்குக் கிளம்பிய பன்னிரண்டு வயது மகள். பத்தடி நடப்பதற்குள் வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. கீழே நின்ற வேலையாள் ஒரு கல்லை எட்டி உதைக்க, சக்கரம் அதில் திரும்பி மண்மேட்டில் முட்டி நின்றது. ஆறேழு தார் நசுங்கியது, பின்விளக்கு உடைந்தது. பிள்ளைக்குக் காயம் இல்லை. ஆனால் அன்று முழுக்க அவள் பேசவில்லை.

இந்த வகைப் பழைய ஜீப் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் கிடையாது. கியர் பாக்ஸின் முதுகில் ஒட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, அதன் பின்வாசலில்தான் பிரேக் டிரம் இருக்கும். அந்த வாசலின் சீல் ஒழுகினால் எண்ணெய் நேராக டிரம்முக்குள் போகும். எண்ணெய் குடித்த லைனிங் எதைப் பிடிக்கும்?

வத்தலக்குண்டில் ஒரு வயதான மேஸ்திரியிடம் வண்டியைக் கொண்டுபோனார். மேஸ்திரி வண்டிக்கு அடியில் குனியக்கூட இல்லை.

"ஏப்பா, எண்ணெய் எதுல ஊத்துற?"

"கியர் பாக்ஸ்லதாண்ணே. பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா அரை லிட்டர் கேக்குது."

"டிரான்ஸ்ஃபர் கேஸ்ல?"

"அதுல ஊத்தி மூணு வருசம் இருக்கும். அதுதான் குறையவே இல்லையே."

"ஒழுகுறது அதுல, குறையறது இதுலயா?"

அந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிட்டது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, டிரான்ஸ்ஃபர் கேஸின் எண்ணெய் ஊற்றும் பிளக்கைத் திறந்தார்கள். எண்ணெய் அந்தத் துளையின் கீழ் விளிம்பு வரை நிற்க வேண்டும். இங்கே திறந்ததும் கொட்டியது. கியர் பாக்ஸிலோ விரலை விட்டாலும் எண்ணெய் தட்டவில்லை. இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஷாஃப்ட் போகும் இடத்தில் உள்ள சீல் தேய்ந்து, கியர் பாக்ஸ் எண்ணெய் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அளவு மீறிய பெட்டி மிச்சத்தைப் பின்வாசல் வழியாக வெளியே தள்ளியது. அவர் ஊற்றிய ஒவ்வொரு அரை லிட்டரும் ஹேண்ட் பிரேக்குக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. வேறு வண்டிகளில் இது எதிர்த்திசையிலும் நடக்கும். சில மாடல்களில் இரண்டுக்கும் நடுவே வழியே விட்டிருப்பார்கள், அதனால் உங்கள் வண்டியின் அமைப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

எலுமிச்சை இலை மஞ்சளானால் உடனே யூரியா வாங்க ஓடுகிறோம். அடி இலையில் தொடங்கினால் தழைச்சத்துக் குறை, கொழுந்தில் தொடங்கினால் பெரும்பாலும் இரும்பு போன்ற நுண்சத்து. எங்கே தொடங்கியது என்று பார்க்காமல் போடும் உரத்துக்கும், அளவு பார்க்காமல் மாற்றும் சீலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கசிவைப் பார்க்க மேஸ்திரி செய்ததை வீட்டிலேயே செய்யலாம். அடிப்பாகம் முழுவதையும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, காய்ந்ததும் முகப் பவுடரைத் தூவி, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பார்க்க வேண்டும். ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் அடித்துக்கொண்டு போகும். ஆகவே சொட்டும் இடத்தை விட்டுவிட்டு, ஈரம் தெரிவதிலேயே மேலே, முன்னே எது என்று தேடுங்கள். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் உள்ள கிளட்ச் கூண்டின் அடியில் சொட்டினால் விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கறுப்பாக, நீர்த்து இருந்தால் டீசல் இன்ஜின் எண்ணெய். கெட்டியாக, கந்தக நெடி அடித்தால் கியர் எண்ணெய். அடியில் போகிறவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகவே கூடாது.

அவர் வண்டியில் இன்னும் இரண்டு குற்றம் இருந்தது. பெட்டி மூச்சுவிடும் பிரீதர் துளை சேறு அடைத்துக் கிடந்தது. சூட்டில் உள்ளே காற்று பெருத்து, போக்கிடம் இல்லாமல் எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். ஒரு கம்பி போதும், குத்தியெடுத்தாயிற்று. மற்றது, சீல் உரசும் இடத்தில் ஷாஃப்ட் ஓக்கில் நகம் மாட்டும் அளவு பள்ளம். அதன்மேல் எத்தனை புது சீல் போட்டாலும் நிற்காது. லேத்தில் கொடுத்து மெல்லிய ஸ்லீவ் ஏற்றினார்கள். நடு சீல் மாறியது, பிரேக் லைனிங்கும் புதிது. எண்ணெயில் ஊறிய லைனிங்கைக் கழுவித் தரச் சொன்னவரிடம் மேஸ்திரி முடியாது என்று சொல்லிவிட்டார். செலவு அதிகம்தான். எண்ணெய் இல்லாமல் ஓடிய கியர் பாக்ஸ் இறுகியிருந்தால் வண்டியையே விற்க வேண்டியிருக்கும்.

இப்போது காப்பிப் பழம் எடுக்கும் கூலிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மாதம் ஒரு முறை இரண்டு பெட்டியின் எண்ணெய் அளவும் ஏறுகிறது. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. இருந்தாலும் சரிவில் வண்டி நின்றால் மகள்தான் முதலில் இறங்குகிறாள். சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகே அப்பாவைப் படல் திறக்க விடுகிறாள்.