கியான்ட்டியில் ஒரு நாள்

போன சனிக்கிழமை ஃபுளோரன்ஸ்லேர்ந்து டூர் வேன்ல கியான்ட்டி மலைப்பக்கம் போனோம். கிரேவே ஊரின் முக்கோணச் சந்தைத் திடல், மோன்டெஃபியோரால்லேயின் கல் சந்துகள், அப்புறம் ஒயின் ருசி. பாட்டில்ல கறுப்புச் சேவல் முத்திரை இருந்தா கியான்ட்டி கிளாசிகோ, குறைஞ்சது 80% சாஞ்சோவேசே திராட்சை. கியான்ட்டிக்கு எல்லை வகுத்து மூன்றாம் கோசிமோ 1716லேயே ஆணை போட்டிருக்கார். குடிச்சா நமக்கு எல்லாம் ஒரே துவர்ப்புதான், அதை விடுங்க.

என்னை இழுத்தது திராட்சைத் தோட்டத்துக்கு நடுவுல தனியா நிக்கிற பழைய கல் வீடுகள். இப்போ பல வீட்ல நீச்சல் குளம், டூரிஸ்ட் கூட்டம். முன்னாடி அங்கே இருந்தவங்க 'மெட்சாத்ரியா' குடும்பங்கள். நிலமும் வீடும் முதலாளியோடது, உழைப்பு இவங்களோடது, விளைச்சல் ஆளுக்குப் பாதி. கல்யாணத்துக்குக்கூட முதலாளி சம்மதம் கேட்கணுமாம்!

அட, நம்ம ஊர் வாரம்தானே இது? எங்க தாத்தா தஞ்சாவூர் பக்கம் வாரத்துக்கு உழுதவர்.

1950, 60கள்ல குடும்பம் குடும்பமா ஃபேக்டரி வேலைக்குக் கிளம்பிட்டாங்க. புது மெட்சாத்ரியா ஒப்பந்தம் கூடாதுன்னு 1964ல சட்டம் வந்தப்போ நிறைய வீடு ஏற்கெனவே காலி.

ராத்திரி தாத்தாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "பாதியா குடுத்தான்?"னு ரெண்டு தடவை கேட்டார். "நல்ல மிராசுதாரா இருப்பான் போல."