பாதி விலைக்கு ஒரு பணக்காரக் கார்!

ஒரு பொருளின் விலை பாதியாகக் குறைந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் உங்களுக்கு முதலில் என்ன தோன்றும்? "அட, அதிர்ஷ்டம்!" என்றா, "ஏன் குறைஞ்சது?" என்றா? முதல் ரகமாக இருந்தால் நீங்கள் சந்தோஷமான மனிதர். இரண்டாவது ரகமாக இருந்தால், என்னைப்போல பி.காம். படித்தவராக இருக்கலாம்.

என் மச்சினன் முதல் ரகம். இங்கிலாந்தில், லண்டனுக்கு மேற்கே ரெடிங் என்ற ஊரில் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை. போன வாரம் போன் செய்தவன், "அத்தான், நான் போர்ஷே வாங்கப் போறேன்" என்றான். ஏதோ ஷூ கம்பெனி பேரோ என்று நினைத்துக்கொண்டு "என்ன விலை?" என்றேன். "நாற்பதாயிரம் பவுண்டுக்குள்ள முடிச்சிடலாம். புதுசா வாங்கினா எண்பதாயிரத்துக்கு மேல!" என்றான்.

கார்! அதுவும் போர்ஷே டைகான். 2019-ல் அறிமுகமான, முழுக்க முழுக்க பேட்டரியில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார். 2021 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலையே ஒன்றரைக் கோடியில்தான் ஆரம்பித்தது. இவனிடம் சேமிப்பாக இருப்பது சரியாக 40 ஆயிரம் பவுண்ட். மகளின் கல்லூரிக்காகத் தனிக் கணக்கில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அவன் பேசி முடித்ததும் போனை அவன் மனைவி வாங்கினாள். "அண்ணே, இருபது வருஷமா எங்களுக்காகத்தான் ஓடினாரு. ஆசைப்படுறாரு, வாங்கட்டும். ரிப்பேர்னு ஒண்ணு வந்தா எந்தப் பணத்தை எடுப்பீங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. மக பணத்துல கை வைக்கக் கூடாது."

இந்த ஒரு கேள்விக்கு விடை தேடித்தான் ஒரு வாரம் கணக்குப் போட்டேன். டைகான் வாங்குகிறவர்கள் இதைப் படிப்பவர்களில் எத்தனை பேர் என்று தெரியாது. ஆனால், செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் கார் பற்றி யோசிக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

முதலில், விலை ஏன் இப்படி விழுந்தது?

இங்கிலாந்தில் ஆபீஸ் மூலமாகக் கார் எடுத்துக்கொண்டால் அதற்கு ஊழியர் வரி கட்ட வேண்டும். எலெக்ட்ரிக் கார் என்றால் 2020-21ல் அந்த வரிவிகிதம் பூஜ்யம். அடுத்த வருடம் 1 சதவிகிதம், அதற்கடுத்த மூன்று வருடங்கள் 2 சதவிகிதம். பெட்ரோல் கார் எடுப்பவர் இதைப்போலப் பல மடங்கு கட்டினார். விடுவார்களா? பெரிய சம்பளக்காரர்கள் எல்லாம் எலெக்ட்ரிக் காரை லீஸில் எடுத்தார்கள். மூன்று, நான்கு வருடத்தில் லீஸ் முடிந்து அந்தக் கார்கள் மொத்தமாக செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்தன. கோயம்பேட்டில் ஒரே காலையில் எல்லா தக்காளி லாரியும் வந்து நின்றால் என்ன ஆகும்? அதேதான்.

இரண்டாவது, 2023 ஜனவரியில் டெஸ்லா தன் புதுக் கார்களின் விலையைத் தடாலடியாக வெட்டியது. புதுசின் விலை இறங்கினால் பழசின் விலை எப்படி நிற்கும்? மூன்றாவது, தொழில்நுட்பம். பழைய டைகானில் பெரிய பேட்டரி 93.4 யூனிட் கொள்ளளவு. 2024-ல் வந்த புது மாடலில் 105. சார்ஜும் வேகமாக ஏறுகிறது, தூரமும் அதிகம் போகிறது. புது செல்போன் வந்தவுடன் உங்கள் கையில் இருப்பது கிழவனாகிவிடுகிறதே, அதே கதை.

கவனியுங்கள். இந்த மூன்று காரணங்களில் ஒன்றுகூட 'கார் மோசம்' என்பதல்ல. வரி, போட்டி, புது மாடல்... அவ்வளவுதான். அந்த வகையில் மச்சினன் சொன்னது சரி. நல்ல சரக்கு, சரிந்த விலை.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். காமர்ஸ் படித்தவர்களுக்குத் தேய்மானம் ஞாபகம் இருக்கும். குறைந்துசெல் மதிப்பு முறை என்று ஒன்று உண்டு. வருடத்துக்கு 20 சதவிகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 ஆயிரம் பவுண்ட் கார், முதல் வருடம் 64 ஆயிரம் ஆகும். அப்புறம் 51,200. அப்புறம் 40,960. நான்காவது வருட முடிவில் 32,768. முதல் நான்கு வருடத்தில் மட்டும் 47 ஆயிரத்துக்கு மேல் ஆவி! அதை வேறு யாரோ ஒரு புண்ணியவான் கட்டிவிட்டார். நம் ஆள் வாங்கி நான்கு வருடம் ஓட்டினால் 19 ஆயிரம் சொச்சம் குறையும். மாதத்துக்கு 400 பவுண்ட். பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனால், இந்தக் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. காரின் விலை தேயும். ஸ்பேர் பார்ட்ஸ் விலை தேயாது! கார் 32 ஆயிரத்துக்கு வந்துவிட்டது என்பதற்காக அதன் பிரேக்கோ சார்ஜரோ பாதி விலைக்கு வராது. நீங்கள் வாங்குவது 32 ஆயிரம் பவுண்ட் கார். பராமரிக்கப் போவது 80 ஆயிரம் பவுண்ட் காரை. பழைய பங்களாவை மலிவாக வாங்கியவர் வெள்ளையடிக்கும்போதுதான் அதன் சுவர்களை எண்ணிப் பார்ப்பார்.

டைகானின் பேட்டரி மட்டும் சுமார் 630 கிலோ. பெரிய பேட்டரியில் 33 பெட்டிகள், பெட்டிக்கு 12 செல், ஆக மொத்தம் 396 செல்கள். நல்ல விஷயம், ஒரு பெட்டி கெட்டால் அதை மட்டும் மாற்ற முடியும். அதைவிட நல்ல விஷயம், பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி. அதற்குள் கொள்ளளவு 70 சதவிகிதத்துக்குக் கீழே போனால் கம்பெனி பொறுப்பு. எனவே, இந்த மாதிரிக் காரில் 'எத்தனை மாடல்?' என்று கேட்பதைவிட, 'வாரன்டி இன்னும் எத்தனை வருஷம்?' என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்தது, திரும்ப அழைப்புகள். ஓடும்போதே திடீரென்று சக்தி போகலாம் என்று 2021-ல் சுமார் 43 ஆயிரம் கார்களை அழைத்து சாஃப்ட்வேரைச் சரிசெய்தார்கள். 2024-ல், முன்பக்க பிரேக் ஹோஸில் விரிசல் வரலாம் என்று அதுவரை ஓடிக்கொண்டிருந்த டைகான்களை எல்லாம் அழைத்தார்கள். பேட்டரிக்குள் ஷார்ட் சர்க்யூட் ஆகும் அபாயம் என்று சில கார்களை, "சரிசெய்யும்வரை 80 சதவிகிதத்துக்கு மேல் சார்ஜ் செய்யாதீர்கள்" என்றார்கள். பயப்பட வேண்டாம், இந்த வேலைகளுக்குக் காசு கிடையாது. ஆனால், நாம் பார்க்கிற காருக்கு இவையெல்லாம் செய்தாகிவிட்டதா என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும்.

இதையெல்லாம் சொன்னபிறகு மச்சினன் இரண்டு கார்களைப் பார்த்துவிட்டு வந்தான்.

ஒன்று, 2020 மாடல் '4எஸ்'. நீல நிறம். பெரிய பேட்டரி. ஒரு தனிநபர் விற்கிறார். 34 ஆயிரம் பவுண்ட். பேட்டரி வாரன்டி 2028-ல் முடிகிறது. மற்ற பாகங்களின் வாரன்டி முடிந்தேவிட்டது. பிரேக் ஹோஸ் மாற்றியாயிற்றா என்று கேட்டதற்கு, "மாற்றிக்கொள்ளலாம், ஃப்ரீதானே" என்றாராம். பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கை கேட்டதற்கு, "ஓட்டிப் பாருங்க, தெரியும்" என்றாராம். மாப்பிள்ளையின் சம்பளச் சான்றிதழ் கேட்டால், "சட்டையைப் பாருங்க" என்கிற மாதிரி!

இன்னொன்று 2022 மாடல். பின்சக்கரத்தில் மட்டும் இழுக்கும் அடிப்படை ரகம். டீலரிடம் இருக்கிறது. 37 ஆயிரம். 111 அம்சங்களைப் பரிசோதித்த சான்று, இரண்டு வருட முழு வாரன்டி, பேட்டரி அறிக்கை, 2030 வரை பேட்டரி வாரன்டி. நிறம் வெள்ளை.

"அத்தான், அந்த நீலம் நாலே செகண்ட்ல நூறு கிலோமீட்டர் வேகம் போகும். வெள்ளை 5.4 செகண்ட். அதுவும் மூவாயிரம் ஜாஸ்தி. வெள்ளை வேற... ஊர்ல கலெக்டர் ஆபீஸ் அம்பாசடர் மாதிரி இருக்கு!" என்றான்.

"ஆக, உனக்கும் உன் மகள் காலேஜுக்கும் நடுவுல நிக்கிறது 1.4 செகண்ட்" என்றேன்.

சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. அங்கே பல்கலைக்கழகக் கட்டணம் 2025-26ல் வருடத்துக்கு 9,535 பவுண்ட். மூன்று வருடத்துக்கு 28 ஆயிரத்து அறுநூறு. நீலக் காரை எடுத்தால் கையில் 6 ஆயிரம் மிஞ்சும். ஆனால் நாளையே ஏதாவது போனால் அந்த ஆறும் போய், அடுத்து மகள் கணக்குதான். வெள்ளையை எடுத்தால் 3 ஆயிரம்தான் மிஞ்சும். ஆனால் இரண்டு வருடத்துக்குப் பெரிய ரிப்பேர் எதுவும் அவன் தலையில் விழாது. கூடுதலாகக் கொடுக்கும் அந்த 3 ஆயிரம் காருக்கான விலை அல்ல... தூக்கத்துக்கான விலை.

ஓட்டும் செலவையும் எழுதச் சொன்னேன். அவனுக்கு வீட்டு வாசலில் சொந்த பார்க்கிங் இருக்கிறது. ராத்திரி நேர மின்சாரம் யூனிட் 8 பென்ஸ் அளவுக்குக்கூடக் கிடைக்கிறது. அதே மின்சாரம் ரோட்டோர அதிவேக சார்ஜரில் 75 பென்ஸைத் தொடுகிறது. அங்கே வீட்டு மின்சாரத்துக்கு வாட் வரி 5 சதவிகிதம், ரோட்டில் 20 சதவிகிதம். 80 யூனிட் நிரப்ப வீட்டில் ஆறரைப் பவுண்ட், வெளியில் 60 பவுண்ட்! பார்க்கிங் இல்லாத ஃப்ளாட்டில் இருந்திருந்தால், "வேண்டாம்ப்பா" என்று முதல் நாளே சொல்லியிருப்பேன். சாலை வரி, 2025 ஏப்ரல் முதல் எலெக்ட்ரிக் கார்களுக்கும் வந்துவிட்டது. 2028 ஏப்ரலில் இருந்து மைலுக்கு 3 பென்ஸ் கட்டணம் வரும் என்றும் அறிவித்திருக்கிறார்கள். எதுவும் குடிமுழுகும் விஷயமல்ல. ஆனால், எழுதிவைத்தால்தான் செலவு, எழுதாவிட்டால் அதிர்ச்சி.

கடைசியாக ஒரு காகிதத்தில் நான்கு வரி எழுதச் சொன்னேன். 'காருக்கு மேல்வரம்பு 37 ஆயிரம். மீதி 3 ஆயிரம் தனிக் கணக்கில். மாதம் 150 பவுண்ட் அதில் சேரும். ரிப்பேர் செலவு அந்தக் கணக்கைத் தாண்டினால், காரை விற்றுவிடுவது. மகள் கணக்கைத் தொடுவதில்லை.' மூன்றாவது வரியை எழுதத்தான் அவன் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். கையெழுத்துப் போட்டு மனைவியிடம் கொடுத்தான். அவள் அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாளாம்.

இனி உங்களுக்கு. நீங்கள் வாங்கப்போவது போர்ஷேயாக இல்லாமல் எட்டு லட்ச ரூபாய் பழைய எலெக்ட்ரிக் காராக இருக்கலாம். கேள்விகள் அதேதான். பேட்டரி வாரன்டி எத்தனை வருடம் மிச்சம்? அது இரண்டாவது உரிமையாளருக்கும் செல்லுமா? எழுத்தில் வாங்குங்கள். பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவிகிதம் என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் பாருங்கள். உங்கள் பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் வைக்க அபார்ட்மென்ட் அசோசியேஷன் சம்மதிக்குமா? டீலரிடம் வாங்கினால், 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு செய்தபடி அவருடைய லாபத்தின் மேல் மட்டும்தான் 18 சதவிகித வரி. முழு விலைக்கும் போட்டு பில் நீட்டினால் கொடுக்காதீர்கள்.

முக்கியமாக, அந்த நாலு வரிக் காகிதத்தைக் காரைப் பார்ப்பதற்கு முன்னால் எழுதிவிடுங்கள். பார்த்தபிறகு எழுதினால், அதை எழுதுவது நீங்களாக இருக்க மாட்டீர்கள். அந்த நீல நிறம் எழுதும்!