புன்னையடியில் ஒரு பிழைதிருத்தம்

எனக்கு ஊர் செஞ்சியை அடுத்த தொண்டூர். சமணர் படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டும் கொண்ட பாறைக் குன்று, கோடையில் நடுச்சாமம் வரை தணியாத அதன் சூடு: இதுதான் நான் வளர்ந்த நிலம். அப்படிப்பட்டவன் பதினெட்டு ஆண்டுகளாகத் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் நெய்தல் திணை நடத்தி வருகிறேன். புன்னை என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன்; பூத்த புன்னையின் கீழ் ஒருமுறையும் நின்றதில்லை.

சென்ற வைகாசியில் பழைய மாணவர் ஒருவர், "தொண்டூர்க்காரர் தொண்டிக்கு வரவேண்டாமா ஐயா?" என்று அழைத்தார். (சங்கப் பாடல்கள் பெரிதும் பேசுவது மேற்குக் கடற்கரையில் இருந்த சேரர் தொண்டியை, இது பாக் விரிகுடாவின் தொண்டி.) அவர் தந்தை மீனவர். தொண்டிப் பகுதியில் பாய்மரப் படகுப் போட்டி இன்றும் நடப்பதுண்டு. அதற்கென்றே பாயைப் பேணி வைத்திருப்பவர்.

நம்புதாளையிலிருந்து விடியலில் வடக்கு நோக்கிப் புறப்பட்டோம். விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் என்பதால் கடலில் இயந்திர ஒலியே இல்லை. பாய் புடைத்ததும் படகு ஒருபுறம் சாய, மாணவர் குறுக்குப் பலகையில் ஏறி மறுபுறம் வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். நான் அணியத்துக் கட்டையை இறுகப் பற்றிக்கொண்டேன். "சோழகம் சார், ஒண்ணும் செய்யாது" என்றார் தந்தை. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என நான்கு காற்றையும் அவரே சொன்னார். வாடையும் கொண்டலும் நம் ஏடுகளில் உள்ளவை. மற்ற இரண்டும் வந்த இடத்தில் தென்றலும் கோடையும் எப்போது கரையேறிப் போயின என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

இறங்கிய கரையில் முதலில் எதிர்ப்பட்டது சவுக்கு. ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைக்கு வந்த மரம். 2004 சுனாமிக்குப் பின் காப்பரண் என்று இன்னும் நெருக்கமாக நடப்பட்டது. ஊருக்குப் பயன்படுகிறது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதன் அடியில் சருகைத் தவிர வேறெதுவும் இல்லை. அதைக் கடந்து தாழைப் புதரை ஒட்டி நடந்தால், ஒரு சிறு கோயிலின் பின்னால் ஏழெட்டுப் புன்னைகள். மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் தலமரமும் புன்னைதான். அங்கே கம்பிவேலிக்குள் பார்த்ததை மரம் பார்த்ததாக நான் கணக்கில் வைப்பதில்லை.

கருத்துத் தடித்த பட்டை, தோல்போன்று மினுங்கும் இலை, வெள்ளை இதழ்களுக்கு நடுவே பொன்னிறக் கேசரக் கொத்து. மணம் மெல்லியது; நடந்தால் எட்டாமல், நின்றால்தான் வந்து சேர்கிறது. உதிர்ந்த பூக்களால் மணல் வெளுத்துக் கிடந்தது.

தந்தை பழைய கொட்டை ஒன்றைப் பொறுக்கித் தந்தார். "இதோட எண்ணெயத்தான் அப்பல்லாம் படகுக்குப் பூசுவோம். ஓட்ட உடைக்காமப் புதைச்சா முளைக்க ரெண்டு மாசம் ஆகும் சார். புதைச்சவனே மறந்துருவான்."

மறந்துருவான்! நற்றிணை 172இல், விளையாட்டாக மணலில் அழுத்திய விதையைச் சிறுமியர் மறந்துபோக, அது முளைத்துவிடுகிறது. தாய் அதை அவர்களுக்கு உடன்பிறந்தாள் என்கிறாள். அந்த மறதியை நயத்துக்காகச் சேர்த்தது என்றே இத்தனை காலம் விளக்கி வந்தேன். அது கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கிற செய்தி.

அப்போதுதான் நினைவு வந்தது. இதே பாடலைப் பற்றிய வினாவுக்கு இந்த மாணவர் எண்ணெய், படகு, இரண்டு மாதம் எல்லாம் எழுதியிருந்தார். "பாடத்துக்குத் தொடர்பில்லை" என்று சிவப்பு மையில் கோடிழுத்தவன் நான்.

"அந்த விடைக்கு எவ்வளவு போட்டேன், தம்பி?"

அவர் சிரித்தார். "பத்துக்கு நாலு, ஐயா."

கரையிலிருந்து தந்தையின் குரல் கேட்டது: "கொண்டல் வந்துருச்சு. ஏறுங்க, போவோம்."