பாட்டியாரும் பலகைக் கணினியும்

சென்ற கோடை விடுமுறையை யான் திருப்போரூரில் என் பாட்டியாரோடு கழித்தேன். மஸ்கட்டில் பணிபுரியும் சிற்றப்பா அனுப்பிய ஆண்ட்ராய்டு டேப் ஒன்று அவரிடம் உளது. இரவு ஒன்பது மணிக்கு அதனைத் திறந்து, கீழ்வரிசையின் வலக்கோடியிலுள்ள பச்சைச் சின்னத்தைத் தொட்டு மகனோடு பேசுவது அவர்தம் வழக்கம். பிறிதொன்றும் அவர் அறியார், அறிய விழைந்தாருமல்லர்.

யானோ அதன் முகப்பு அழகற்றதெனக் கருதி வேறொரு முகப்புச் செயலியை நிறுவினேன். சின்னங்களை வகைவகையாகப் பெட்டிகளுள் அடக்கினேன். படிப்புக்கு இடையூறென்று அழைப்பொலியையும் நிறுத்தினேன். ஒலியை மீட்க மறந்தே விடுதிக்குத் திரும்பினேன். மூன்று இரவுகள் தாயும் மகனும் பேசவில்லை. பாட்டியார் வெற்றிடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம். நான்காம் நாட் காலையில் சிற்றப்பா நடுங்கிய குரலில், "ஆயாவுக்கு என்னடா?" என்று என்னை வினவியபொழுதுதான் யான் செய்தது இன்னதென விளங்கிற்று.

ஐபேடாயிருப்பின் இத்தவறு இவ்வளவு எளிதில் நேர்ந்திராது. பிறர் ஆக்கிய முகப்பை அஃது ஏற்பதில்லை. ஆயினும் நண்பர்காள், அக்கட்டுப்பாட்டின் விலையைத் தமிழ் பயிலும் நாம் மறத்தலாகாது. ஐபேட் வெளிவந்தது 2010-இல். அஞ்சல், தமிழ்99 என்னும் விசைப்பலகைகள் 2013-இல் ஐஓஎஸ் 7-ஓடுதான் அதனுட் புகுந்தன. வேண்டிய விசைப்பலகையைப் பிறரிடமிருந்து பெற்றுப் பொருத்தும் உரிமை மறு ஆண்டில் ஐஓஎஸ் 8-ஓடு வந்தது. ஆண்ட்ராய்டோ 2009-லேயே அவ்வாயிலைத் திறந்துவிட்டது. இக்கட்டுரையையும் தமிழ்99-இல் எழுதுகின்ற எனக்குத் திறந்த வாயிலைப் பழிக்க நா எழவில்லை.

சனிக்கிழமையன்று கேளம்பாக்கம் வழியாகச் செல்லும் பேருந்தேறிச் சென்று பழைய முகப்பை மீட்டேன். "ஆயா, முன்னையதைவிட இது நன்றாயிருந்ததே?" என்றேன்.

"என் அடுப்படியில் உப்புச்சாடியை இடம் மாற்றி வைத்துவிட்டு, சாடி அழகாயிருக்கிறதே என்கிறாய்" என்றார்.

அவர் இத்தனை நாளும் சின்னத்தைப் பார்த்துத் தொடவில்லை, இடத்தைத் தொட்டார் என்பது அப்பொழுதே புலனாயிற்று. கணினி எளிது என்று நாம் சொல்வதிற் பாதி, அது நேற்றிருந்தவாறே இன்றும் இருத்தல்தான் போலும்!

ஒரே செயலியைத் திரையிற் பிணித்துவைக்கும் வசதி ஆண்ட்ராய்டில் 2014 முதல் உண்டு. ஐபேடில் அதற்கு ஈராண்டு முந்தியே இத்தகையதொன்று வந்துவிட்டது. அவ்வாறு செய்து தரட்டுமா என்று கேட்டேன்.

"பூட்டி வைக்காதே. எப்படி நகர்த்துவதென்று காட்டு."

காட்டினேன். வலத்தோளில் நோவுடைய அவர், பச்சைச் சின்னத்தை விரலால் அழுத்திப் பிடித்து, மெல்ல இழுத்து, இடக்கைக்கு எட்டும்படி இடக்கோடியில் வைத்தார். ஒன்பது மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.