விரலும் விரற்கணுவும்

கடற்கரை நிலையத்திலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் மின்சார ரயில் பொத்தேரியில் நின்றதும் கல்லூரி மாணவர் கூட்டம் இறங்கும். அந்த ரயில் புறப்படும் இடத்திற்கு அருகிலுள்ள சென்னைத் துறைமுகத்தில்தான் 1912ஆம் ஆண்டு இராமானுஜன் எழுத்தராகச் சேர்ந்தார். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட 1729 என்னும் எண்ணை அறியாத மாணவர் அரியர். இங்கிலாந்தின் புட்னியில் நோயுற்றிருந்த அவரைக் காண வந்த ஹார்டி, தாம் ஏறிவந்த வாடகைக் காரின் எண் சிறப்பில்லாதது என்றார். இராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு இயல் எண்களின் கனங்களைக் கூட்டி இருவகையில் பெறத்தக்க மிகச் சிறிய எண் அதுவே: 12, 1 ஆகியவற்றின் கனங்கள் ஒருவகை, 10, 9 ஆகியவற்றின் கனங்கள் மற்றொரு வகை.

கதை பழையது. எண்ணை எழுதும் முறையை மாற்றினால் புதிய செய்தி ஒன்று புலப்படும்.

1729 என்று எழுதும்போதே அது 1000, 729 என இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஆயிரம் பத்தின் கனம். 729 ஒன்பதின் கனம். ஆயிரத்திற்குத் தனிக்குறி கொண்ட பழந்தமிழ் எண்களில் இப்பிரிவு இன்னும் தெளிவு: ௲௭௱௨௰௯. ஆனால் பன்னிரண்டின் கனமாகிய 1728 இங்கே எங்கும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நாம் பத்துப் பத்தாக எண்ணுவதற்குக் கைவிரல்களே காரணம் என்பர். கட்டைவிரலால் ஏனைய நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணும் வழக்கமும் நம் வீடுகளில் உண்டு. விரலுக்கு மூன்றாக, ஒரு கைக்குப் பன்னிரண்டு. வளையல்கள் இன்றும் டஜன் கணக்கில்தானே விற்கின்றன? பன்னிரண்டை அடிமானமாகக் கொண்டால் வலக்கோடியில் ஒன்றுகள், அடுத்துப் பன்னிரண்டுகள், பின்னர் 144கள், நான்காம் இடத்தில் 1728கள். (பத்துக்கும் பதினொன்றுக்கும் தனிக்குறிகள் வேண்டும், இங்கே அவற்றிற்கு வேலையில்லை.) அம்முறையில் 1729 என்பது 1001 ஆகிறது. முதல் ஒன்று பன்னிரண்டின் கனம். கடைசி ஒன்று ஒன்றின் கனம். இராமானுஜன் சொன்ன இரு கூட்டல்களில் ஒன்றை விரலும் மற்றொன்றை விரற்கணுவும் காட்டிவிடுகின்றன!

எல்லாப் பண்புகளும் இவ்வாறு உடன்வருவதில்லை. 1729இன் இலக்கங்களைக் கூட்டினால் 19. அதனை 91ஆல் பெருக்கினால் மீண்டும் 1729. இலக்கங்களின் கூடுதலால் மீதியின்றி வகுபடும் எண்களுக்கு, மகாராட்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர், மகிழ்ச்சி தருவது என்னும் பொருளில் ஹர்ஷத் எண்கள் எனப் பெயரிட்டார். 1001இலோ இலக்கங்களின் கூடுதல் 2. ஒற்றைப்படை எண் இரண்டால் வகுபடாது, மகிழ்ச்சி போயிற்று. 7, 13, 19 என்னும் பகாக் காரணிகள் மட்டும் எம்முறையில் எழுதினாலும் மாறுவதில்லை.

இலக்கங்களின் விளையாட்டை ஹார்டி பெரிதாக மதிக்கவில்லை. தலைகீழாகத் திருப்பிய எண்களின் மடங்குகளாக அமையும் 8712, 9801 ஆகிய இரண்டையும் 1940இல் வெளிவந்த தம் நூலில் காட்டி, இவற்றில் கணித வல்லுநரைக் கவர ஒன்றுமில்லை என்றார். சரியே, எனினும் சற்றுக் கடுமை. எந்த அடிமானத்திலும் 1001 என்பது 11ஆல் வகுபடும். பன்னிரண்டு அடிமானத்தில் 11 என எழுதப்படுவது நம் 13. ஆகவே 1729ஐ 13 வகுக்கும், ஈவு 133. எட்டை அடிமானமாகக் கொண்டால் 1001 என்பது நம் 513. அங்கே 11 என்பது 9. அதுவும் வகுக்கிறதா என்று கடற்கரையில் ஏறியவர் பொத்தேரியில் இறங்குவதற்குள் தாளின்றியே பார்த்துவிடலாம்.