கூடத்துப் பேச்சு

ஓர் இல்லத்திலே பிள்ளைகள் பாடங்கேட்கும் இடம் எது என்று வினவினால், படிப்பறை என்பார் சிலர். பூசையறை என்பார் சிலர். நம் பட்டறிவைக் கேட்டால், தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருக்கும் கூடமே அவ்விடம் என்போம். பெட்டி கற்பிக்கும் பாடத்தை நாம் இங்குக் குறிக்கவில்லை. அதன் எதிரே அமர்ந்து, காப்பிக் குவளையைக் கையில் ஏந்திக்கொண்டு, சிந்திக்காமல் நாம் உதிர்க்கின்ற சொற்களையே குறிக்கின்றோம். அச்சொற்களை நாம் மறந்துவிடுகின்றோம். பிள்ளைகள் மறப்பதில்லை.

பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுனில் நம் குடும்பம் வாழ்ந்து வருகிறது. வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து பிழைப்பைத் தேடி வந்த தந்தையார், பூங்காவுக்கு அண்மையில் இருந்த சிறு வீடொன்றில் குடியேறினார். ஓட்டுக்கூரைப் பழைய பங்களாக்களும் அவற்றின் மாமரங்களும் ஒவ்வொன்றாக மறைந்து அடுக்குமாடிகள் எழுவதை நாம் கண்டிருக்கின்றோம். வெளியே கன்னடமும் ஆங்கிலமும் உருதுவும் ஒலித்தாலும், வாசற்படியைத் தாண்டினால் தமிழே பேசவேண்டும் என்பது தந்தையார் வகுத்த சட்டம். அச்சட்டத்தை நாமும் காத்து வந்தோம். காத்து வந்ததாக எண்ணியிருந்தோம் என்பதே பொருந்தும். ஏனெனில், நம் மகள் தன் வாழ்வின் மிகப் பெரிய செய்தியை நம்மிடம் சொல்ல வந்தபோது, அதனை ஆங்கிலத்திலேதான் சொன்னாள். அது ஏன் என்பதைப் பற்றியே இக்கட்டுரை. அவளுடைய இசைவு பெற்றே இதனை எழுதுகின்றோம்.

2008-ஆம் ஆண்டு விஜய் தொலைக்காட்சியில் 'இப்படிக்கு ரோஸ்' என்றொரு நிகழ்ச்சி தொடங்கியது. அதனை நடத்தியவர் பொறியியல் கற்ற திருநங்கையாகிய ரோஸ் வெங்கடேசன். அதுவரை தமிழ்த்திரையில் திருநங்கையர் பெரும்பாலும் நகைப்புக்காகவே வந்து போனார்கள். இவரோ நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, விருந்தினரிடம் வினாத் தொடுத்தார். தந்தையார் சிறிது நேரம் பார்த்தார். "பிள்ளை இருக்கிற இடத்தில் இதையெல்லாம் வைக்காதே" என்றார். நாம் மறுமொழி பேசாமல் பொத்தானை அழுத்தினோம். மகளுக்கு அப்போது நான்கு வயது. அவளுக்கு அது நினைவில் இராது. ஆயினும் பொத்தானை அழுத்தும் அப்பழக்கம் நம் விரலில் தங்கிவிட்டது.

2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, வயது வந்த இருவர் இசைந்து தனிமையில் நடத்தும் வாழ்வைக் குற்றமாக்காது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்களும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். மறுநாட்காலை செய்தித்தாளின் முதற்பக்கம் முழுவதும் அதுவே. பதினான்கு வயது மகள், "அப்பா, 377 என்றால் என்ன?" என்று கேட்டாள். "உனக்கு வேண்டாத செய்தி" என்று சொல்லித் தாளை மடித்து வைத்தோம். அவளுக்கு வேண்டிய செய்தி அந்தத் தாளில் அது ஒன்றுதான் என்பதை அன்று நாம் அறியவில்லை.

பிறகு 2020 வந்தது. பெருந்தொற்றின் பொருட்டு ஊரே அடங்கிக் கிடந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் 'நெவர் ஹேவ் ஐ எவர்' என்னும் அமெரிக்க இளையோர் தொடர் நெட்பிளிக்ஸில் வெளியாயிற்று. கதைத்தலைவி கலிபோர்னியாவில் வளரும் தமிழ்ப்பெண். அவளாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன், ஈழத்துப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்தவர். நம் இனத்துப் பெண் உலகத்திரையில் வருகிறாள் என்ற பெருமிதத்தோடு, அன்னையார் உட்பட வீடே கூடத்தில் அமர்ந்து பார்த்தது.

அத்தொடரில் ஃபாபியோலா என்றொரு தோழி வருகிறாள். படிப்பில் கெட்டிக்காரி, தானே ஓர் இயந்திர மனிதனைச் செய்து வைத்திருக்கிறாள். தன் மனம் பெண்களையே நாடுகிறது என்பதை உணர்ந்ததும், அதனை அவள் முதன்முதலில் வாய்விட்டுச் சொல்வது அந்த இயந்திரத்திடந்தான். தோழியரிடமும் தாயிடமும் பின்னரே சொல்கிறாள். அக்காட்சியைக் கண்டதும் நாம், "இதைச் சொல்ல ஒரு மனுஷர் கூடவா கிடைக்கவில்லை? இரும்புப் பொம்மையிடம் போய்ச் சொல்கிறாளே!" என்றோம். கூடமே சிரித்தது. மகள் மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து சென்றாள். அந்தப் பகுதி முடியும் வரை திரும்பி வரவில்லை.

இரண்டாண்டுகள் கழிந்தன. பி.யு. தேர்வு முடிந்த 2022-ஆம் ஆண்டுக் கோடையில் 'ஹார்ட்ஸ்டாப்பர்' என்னும் ஆங்கிலேயத் தொடரை அவளே தேர்ந்து, "இதை நீங்கள் இருவரும் பாருங்கள்" என்றாள். பள்ளி மாணவர் இருவரிடையே அரும்பும் அன்பைச் சொல்லும் கதை. எட்டாம் பகுதியின் இறுதியில் ஒரு மகன் தன் தாயிடம் உண்மையைச் சொல்கிறான். அத்தாய் அவனை அணைத்துக்கொண்டு, தன்னிடம் சொல்ல முடியாது என்று அவன் எண்ணும்படி தான் எப்போதேனும் நடந்திருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறாள். அன்று நாம் சிரிக்கவில்லை. நம் மனைவியாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அமைதியையே மகள் நல்ல குறியாகக் கொண்டாள் போலும்.

மறுநாள் மாலை ரிச்சர்ட்ஸ் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது அவள் நின்றாள். தனக்கு ஆண்கள்மேல் நாட்டமில்லை, பெண்கள்மேல்தான் என்று ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாகச் சொல்லி முடித்தாள். அலுவலகத்தில் இருபதாண்டுகளாகக் கோப்பு எழுதிப் பழகிய வாயல்லவா! நாம் கேட்ட முதற்கேள்வி, "வேறு யாருக்குத் தெரியும்?" என்பதே. மகளின் முகம் வாடிற்று. அந்தக் கேள்வியை இன்று நினைத்தாலும் நாணுகின்றோம். தோழி ஒருத்திக்கு மட்டும் தெரியும் என்றாள். "எங்களிடம் இத்தனை நாள் ஏனம்மா சொல்லவில்லை?" என்று அடுத்துக் கேட்டோம். அவள் சினக்கவில்லை. "அந்த ரோபோ காட்சிக்கு நீங்கள் சிரித்தீர்களே அப்பா! அதுவாவது திருப்பிச் சிரிக்காது" என்றாள்.

பிள்ளைகள் நேரே வந்து சொல்வதில்லை. ஆற்றில் இறங்குமுன் கோலை ஊன்றி ஆழம் பார்ப்பது போலத் திரையில் ஒரு காட்சியை ஓடவிட்டு, நம் முகத்தைப் பார்க்கிறார்கள். நாமோ அவர்கள் படம் பார்ப்பதாக எண்ணிக்கொள்கின்றோம்.

வீட்டில் அடுத்து வந்த நாட்கள் எளியவையல்ல. மனைவியார் அழுதார், மருத்துவரிடம் காட்டலாமா என்றார். செய்தியறிந்த உறவினர் ஒருவர், "ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டால் சரியாகிவிடும்" என்று தொலைபேசியில் வழி சொன்னார். நம் உள்ளமும் ஒருகணம் அப்பக்கம் சாய்ந்ததை மறைப்பானேன்? அப்போது மகள்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணை ஒன்றைக் காட்டினாள். 2021-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் நீதியரசர் ந. ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்தது. பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து காப்புக் கேட்ட இரு பெண்களின் வழக்கு அது. இத்தகைய இயல்பை மாற்றிக் குணப்படுத்துவதாகச் சொல்லும் சிகிச்சைகளை அந்த ஆணை தடுத்தது. இஃது ஒரு நோயன்று என்று உலக நலவாழ்வு நிறுவனம் 1990-ஆம் ஆண்டிலேயே தன் நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது என்பதையும் அப்போதுதான் அறிந்தோம்.

ஆனால் நம்மை அசைத்தது சட்டமன்று. இந்தப் பொருளைத் தாம் முழுதும் உணரவில்லை என்று அந்நீதியரசர் வெளிப்படையாகச் சொல்லி, உளவியலார் ஒருவரிடம் தாமே அமர்ந்து பாடங்கேட்டு, அதன் பின்னரே தீர்ப்பெழுதினார். அரசுக் கோப்புகளோடு வாழ்நாளைக் கழித்த நமக்கு இதன் அருமை தெரியும். 'எனக்குத் தெரியவில்லை' என்று குறிப்பெழுதிய மேலதிகாரியை நாம் கண்டதேயில்லை. உயர்நீதிமன்றத்து நீதியரசர் ஒருவர் கற்றுக்கொள்ள அமர்ந்தாரெனில், ஓர் எழுத்தருக்கு என்ன குறைந்துவிடும்? மனைவியாரும் நாமும் அன்றிரவே அந்த ஆணையை முழுதுமாகப் படித்தோம்.

சில திங்கள் சென்றபின், நெஞ்சில் முள்ளாய்க் கிடந்த மற்றொரு வினாவைக் கேட்டோம்: "ஏனம்மா ஆங்கிலத்தில் சொன்னாய்?" அவள் சொன்ன விடை இது: "தமிழில் எனக்குத் தெரிந்த சொல்லெல்லாம் வசைச்சொல்தானே அப்பா! அதில் எதைச் சொல்லி நான் இன்னாரென்று சொல்வது?"

தமிழ்ச்சங்கத்து அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணுமாறு வேண்டுகின்றோம். பிள்ளைகள் தமிழ் பேசுவதில்லை என்று நாம் ஆண்டுதோறும் மேடையில் வருந்துகின்றோம். குறள் ஒப்பித்தால் பரிசு தருகின்றோம். ஆனால் ஒரு பிள்ளை தன் உள்ளத்தைத் திறக்கவேண்டிய நேரத்தில், அதற்குத் தக்க ஒரு சொல்லையும் நாம் அவள் கையில் கொடுத்திருக்கவில்லை. தாய்மொழி அவளைக் கைவிடவில்லை. அம்மொழியை வசைக்கு மட்டும் வைத்திருந்த நாமே கைவிட்டோம்.

மொழியிலோ வறுமை இல்லை. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்து நின்றாரைக் குறிக்கும் பெயரைத் தெய்வப்பெயரோடு சேர்த்து உயர்திணையில் வைத்து இலக்கணம் வகுத்தார். அவர்களை அஃறிணையாக்கிப் பேசியது பிற்காலத்து நாவே. 'திருநங்கை' என்னும் அழகிய சொல் அண்மைக்காலத்தில் வழக்கிற்கு வந்து, 2008-இல் தமிழ்நாட்டில் அவர்கட்கென நலவாரியமும் அமைந்தது. திருநர் என்போர் வேறு, நம் மகளைப் போல் தன் பாலினத்தாரையே விரும்புவோர் வேறு என்பதையும் நாம் பின்னரே கற்றோம். பின்னவர்க்குத் 'தன்பாலீர்ப்பு' என்னும் சொல் இன்று எழுத்தில் வழங்குகிறது. மேற்சொன்ன வழக்கின் பயனாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் இத்தகையோரைக் கண்ணியமாகக் குறிக்கும் சொற்களின் பட்டியலை அரசிதழிலும் வெளியிட்டது. சொல் பிறந்துவிட்டது, அது கூடத்திற்கு வந்து சேரவேண்டியதுதான் எஞ்சியிருக்கிறது.

திரையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தமிழ்த்திரை முன்போல் இல்லை என்பது மெய். 2019-இல் வந்த 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் விஜய் சேதுபதி ஒரு திருநங்கையாக நடித்தார். அவ்வேடத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது. 2020-இல் வந்த 'பாவக் கதைகள்' தொகுப்பில் சுதா கொங்கரா இயக்கிய 'தங்கம்' என்னும் பகுதி நம் கண்களைக் குளமாக்கியது. லிவிங் ஸ்மைல் வித்யா தமிழில் எழுதிய தன்வரலாறு, 2015-இல் இதே கர்நாடகத்தில் கன்னடப் படமாகி, அதன் நடிகர் சஞ்சாரி விஜய்க்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. இவற்றையெல்லாம் நாம் பெருமையாக எடுத்துரைத்தபோது மகள் சொன்னாள்: "எல்லாம் நல்ல படம்தான் அப்பா. ஆனால் எங்களைப் போன்றவர்கள் தமிழில் வந்தால் அடிபடுகிறார்கள், சாகிறார்கள். ஆங்கிலத்தில் வந்தால் பரீட்சைக்குப் படிக்கிறார்கள்."

இதனினும் செறிவான திறனாய்வை நாம் படித்ததில்லை. இளம்பிள்ளைக்கு இரக்கம் மட்டும் போதாது. தன்னைப் போன்ற ஒருத்தி பள்ளிக்குச் சென்று, தேர்வுக்கு அஞ்சி, தாயோடு சண்டையிட்டு, மறுநாளும் உயிரோடிருக்கும் கதை வேண்டும். அமெரிக்க இளையோர் தொடர்களில் 1994 முதலே அத்தகைய மாந்தர் வரத் தொடங்கினர். தமிழில் அத்தகைய இளையோர் தொடர் பெருகும் நாளை நாம் எதிர்நோக்குகின்றோம்.

எல்லாம் நலமாய் முடிந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். ஒருபாலினத்தார் திருமணத்தை ஏற்க உச்ச நீதிமன்றம் 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் மறுத்துவிட்டது. ஓய்வூதியப் படிவங்களில் கணவன், மனைவி என்ற கட்டங்களை நிரப்பும்போதெல்லாம், நம் மகளின் துணைக்கு இவற்றில் இடம் எது என்ற வினா எழுகிறது. "நமக்குப் பின்னால் இவளுக்கு யார்?" என்று மனைவியார் இன்றும் இரவில் கேட்கிறார். அதற்கு நம்மிடம் விடையில்லை.

சென்ற பொங்கலன்று மகள் தன் பாட்டியிடமும் சொன்னாள். இம்முறை தமிழில் சொன்னாள். எண்பதை நெருங்கும் அன்னையார் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "எனக்கு இது ஒன்றும் விளங்கவில்லை, கண்ணு. பொறுமையாய் இன்னொரு தரம் சொல்" என்றார். கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நாம் எழுந்து அதனை நிறுத்தினோம். அந்தப் பொத்தானை அழுத்தியதற்காக நாம் நாணாத நாள் அதுவே. மகள் பாட்டியின் அருகே தரையில் அமர்ந்து மீண்டும் சொல்லத் தொடங்கினாள்.

இம்மலரைப் படிக்கும் இல்லங்களில் ஏதேனும் ஒன்றில் இன்றிரவும் ஒரு பிள்ளை கூடத்தின் மூலையில் அமர்ந்து, திரையை விட்டுப் பெற்றோர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். அன்பர்களே, அந்நேரத்தில் பேசுமுன் ஒருகணம் எண்ணுங்கள். நம் பேச்சு அப்பிள்ளையை இயந்திரத்திடம் அனுப்பாதிருக்கட்டும்.